மண்டியிட்டு உட்கார வேண்டிய படகு

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. தேநீர் ஆறுவதற்குள் ஒரு மீன் கதை சொல்லிவிடுகிறேன். கடல் மீனைவிட ஏரி மீனுக்கு உப்பு ஒரு கிள்ளு கூடுதலாக வேண்டும். அதைக் கற்றுக்கொள்ள எனக்கு இந்த வயது ஆகிவிட்டது.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துத் தீவில், கடலோரத்தில் பிறந்தவள் நான். தூண்டில் பிடிக்கத் தெரிந்த நாளிலிருந்து உப்புத் தண்ணீர்தான். போன கோடையில் என் கணவர் லியாண்டர் வடக்கே இந்த ஏரிக்குக் கூட்டி வந்தார். சாலை கிடையாது, மிதவை விமானம் இறக்கிவிட்டுப் போய்விடும். இங்கே கையைக் கழுவினால் உப்புப் பூப்பதில்லை. கரையில் அழுகல் வாடை இல்லை. எனக்கு ஊர் ஞாபகமே வரவில்லை.

இந்த விடுதியை நடத்தும் ஜோசெட், இந்த வடக்கின் பூர்வகுடியான கிரீ இனத்துப் பெண், "அக்கா, சமையலுக்கு ஆள் இல்ல. இங்கயே இருந்துடேன்," என்றாள்.

லியாண்டர் சிரித்தார். "இவ வறுத்தா மீனே எந்திரிச்சு ஓடும். நாளைக்கு விமானம் வருது, மூட்டையக் கட்டுடி."

பெரிய மீனை விட்டுவிடுவது இந்த ஏரியின் வழக்கம். எங்கள் கல்யாணத்தைவிட வயதான மீன்கள் இங்கே உண்டு. அன்று காலை அவருக்குக் கிடைத்தது ஒரு பெரிய சினை ட்ரவுட் மீன். வயிற்றில் கொக்கியை மாட்டிப் படகுக்குள் இழுத்தார். வாய் திறந்து திறந்து மூடியது. புகைந்துகொண்டிருந்த சிகரெட்டை அந்த வாயில் செருகினார். "உங்கம்மா மாதிரியே இருக்கா பாரு. படம் எடு." காலடியில் முட்டைகள் நசுங்கின. அந்தக் கையைத் துடைக்காமலே ரொட்டி தின்றார். விரலிடுக்கில் ஒட்டியிருந்ததையும் சேர்த்து நக்கினார். இத்தனை வருஷம் என்னைத் தொட்ட கை அது.

எங்கள் கடல் படகு அகலமானது. மீன் கடித்தால் எழுந்து நின்றுதான் இழுப்போம். இந்த ஊர்ப் படகு ஒடுக்கம். மண்டியிட்டே இருக்க வேண்டும் என்று ஜோசெட் சொல்லியிருந்தாள். எங்கள் கடல், மூழ்கியவரைச் சில நாளில் கரை சேர்த்துவிடும். "இது அடியில அவ்ளோ குளிரு, அக்கா. போனது மேல வராது," என்றாள் சாப்பாட்டு வேளையில். நான் இன்னொரு கரண்டி சூப் வாங்கிக்கொண்டேன்.

பிற்பகலில் நாங்கள் இருவர் மட்டும் நடு ஏரிக்குப் போனோம். மிதவைச் சட்டையை அவர் முட்டிக்கு அடியில் மடித்துப் போட்டிருந்தார். பெரிதாக ஏதோ கடித்தது.

"முட்டி விட்டுப்போச்சு. இழுக்க முடியலடி."

"நின்னு இழுங்க. அதுதானே உங்களுக்குப் பழக்கம்."

"நிக்காதன்னு அந்தப் பொம்பள சொன்னாளே?"

"பொம்பள சொல்லிக் கேக்குற ஆளா நீங்க?"

எழுந்தார். நான் குனிந்து இரண்டு பக்க விளிம்பையும் பிடித்துக்கொண்டேன். படகு ஒருதரம் சாய்ந்து, பாதித் தண்ணீரோடு நிமிர்ந்தது. அவர் வெளியே இருந்தார்.

எங்கள் ஊர் மீனவர்கள் நீந்தக் கற்பதில்லை. அவரும் அப்படித்தான். படகு விளிம்பைப் பற்றிக்கொண்டு, "கையக் குடு," என்றார். கத்தவில்லை, அந்தக் குளிரில் மூச்சு வராது. மீனை விடுவிக்கும் முன்பு கையை நனைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அதற்கு நோகும். நான் கையை நனைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். அவசரப்படவில்லை. அவருக்கு நோகவில்லை.

தேட வந்தவர்களிடம் கால் வழுக்கியது என்றேன். கொலை என்று நீங்கள் சொன்னால் சரி, கொலைதான். ஆனால் இங்கே தங்குவதற்காகச் செய்யவில்லை. அந்தச் சினை மீனுக்காகச் செய்தேன். அன்று மாலை அதை நானே வறுத்தேன். ஜோசெட் அழுதுகொண்டே தட்டைத் தள்ளிவிட்டாள். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

ஏன் கோப்பையைக் கீழே வைத்துவிட்டீர்கள்? நானும் தினம் இந்த ஏரித் தண்ணீரைத்தான் குடிக்கிறேன். ருசி மாறவே இல்லை. உங்கள் வீட்டிலும் குடிக்க இப்படித் தெளிந்த தண்ணீர் என்றைக்கும் குறையாதிருக்கட்டும். பிள்ளை குட்டிகளோடு நன்றாக இருங்கள்.