நாற்பத்தொன்றாம் உறை

படிவங்களை விளக்குவதில் நான் கெட்டிக்காரன். முகாமில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். ஓட்டுநர் பிரிவில் எனக்குப் 'படிவத்தார்' என்றே பெயர். பாதிக்கப்பட்டோர் ஆதரவு அலுவலகத்தில் நான்கு வருடம் உட்கார்ந்திருந்தேன். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, பூட்டு வைத்த ஓர் இழுப்பறை.

விசாரணை அதிகாரியான உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். ராணுவத்தில் ஒருவரை யாராவது பலாத்காரம் செய்தால், பாதிக்கப்பட்டவருக்கு இரண்டு வழி உண்டு. மஞ்சள் உறையில் போட்டால் அது ரகசியப் புகார். சிகிச்சை கிடைக்கும், ஆலோசகர் கிடைப்பார், பெயருக்குப் பதில் ஓர் எண். மேலதிகாரிக்குத் தெரியாது. விசாரணையும் கிடையாது. வெள்ளைப் படிவம் திறந்த புகார். விசாரணை நடக்கும், செய்தவனை அந்த இடத்திலிருந்து விலக்கி வைப்பார்கள். மஞ்சளிலிருந்து வெள்ளைக்கு மாறலாம். வெள்ளையிலிருந்து மஞ்சளுக்குத் திரும்ப முடியாது. இரண்டையும் ஒரே குரலில் விளக்க வேண்டும், எந்தப் பக்கமும் சாயக் கூடாது. பயிற்சியில் இதை மட்டும் மூன்று நாள் சொல்லிக்கொடுத்தார்கள்.

போன வருடம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, என் எதிர் நாற்காலியில் லாரி ஓட்டுநர் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். என் மனைவி.

"என்ன, சாப்பாட்டு டப்பாவை மறந்துட்டேனா?" என்று கேட்டேன்.

"இல்ல சார். புகார் குடுக்க வந்திருக்கேன்."

கல்லூரியில் படித்த காலத்திலிருந்து என்னை 'டேய்' என்று கூப்பிடுகிறவள். விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். சொல்லவே கூசுகிறது. நான் சிரித்து முடிக்கும்வரை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

போக்குவரத்துப் பிரிவின் மேஜர். வாகனக் கொட்டகை. மூன்று நாளுக்கு முன், பிற்பகல். மீதி உறையில் இருக்கிறது.

"வெள்ளைப் படிவம் குடு," என்றாள்.

உறவினரின் புகாரை நான் தொடக் கூடாது. அன்றைக்கே பக்கத்து முகாம் அலுவலரிடம் அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பவில்லை. கதவைச் சாத்திவிட்டு மஞ்சளைப் பற்றி இருபது நிமிடம் பேசினேன். வெள்ளையைப் பற்றி இரண்டு நிமிடம்.

"உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். முதல்ல உடம்பு தேறட்டும்."

"அப்புறம் மாத்திக்கலாமா?"

"எப்ப வேணா."

கையெழுத்துப் போட்டாள். எண் நாற்பத்தொன்று.

அவளைக் காப்பாற்றவே செய்தேன். இதை எழுதிக்கொள்ளுங்கள். உணவுக்கூடத்தில் எப்படிப் பேசுவார்கள் என்று எனக்குத் தெரியும். தட்டோடு வரிசையில் நிற்கும்போது பின்னால் ஒருவன் அடுத்தவனிடம், "அந்தப் பொண்ணு இவரு சம்சாரம்தான்" என்பான். அவள் அதைத் தாங்க மாட்டாள் என்று நினைத்தேன். அவள் அந்த உணவுக்கூடத்தில் சாப்பிடுவதே இல்லை.

இரண்டு வாரம் கழித்து வீட்டில் துணி மடித்துக்கொண்டே, "டேய், நாளைக்கு வெள்ளைப் படிவம் எடுத்துட்டு வா," என்றாள். "அந்தாளு தினமும் என் வண்டிச் சாவியைக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறான். நான் போய் அவன் கையிலேர்ந்து வாங்கணும்."

எடுத்து வந்தேன். வெள்ளைத் தாள்தான், ஆனால் புகார்ப் படிவம் அல்ல. 'இரண்டு வழிகளும் எனக்கு விளக்கப்பட்டன' என்று பாதிக்கப்பட்டவர் எழுதித் தரும் தாள். அதனால் எதுவும் நகராது. தலைப்பைப் பின்னால் மடித்து, கையெழுத்துப் போட வேண்டிய கோட்டில் விரலை வைத்தேன்.

"படிச்சுப் பாக்கணுமா?" என்று கேட்டாள்.

"நான் எழுதினதுதானே."

"அதுவும் சரி. படிவத்தார் பொண்டாட்டிக்கு இந்தச் சலுகைகூட இல்லன்னா எப்படி," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். அன்று வயிறாரச் சாப்பிட்டாள்.

யாரிடமும் சொல்லாதே, சொன்னால் விசாரணை கெட்டுவிடும் என்றேன். திறந்த புகாருக்கு அப்படி ஒரு விதி கிடையாது. அவள் தன் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை.

நான்கு மாதம், தினமும் வேலை முடிந்து வந்து பூட்ஸைக் கழற்றுவதற்கு முன், "ஏதாவது வந்துச்சா?" என்று கேட்பாள். "மேல அனுப்பியாச்சு, நேரமாகும்," என்பேன். மறுநாள் காலை போய் மேஜர் கையிலிருந்து சாவியை வாங்குவாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். பழகிவிட்டது என்று நினைத்தேன்.

நான் தலைமையகக் கூட்டத்துக்குப் போயிருந்த ஒரு நாள் அவள் என் அலுவலகத்துக்கு வந்திருக்கிறாள். என் உதவியாளரிடம் எண்ணைச் சொல்லிக் கேட்டிருக்கிறாள். "அக்கா, நாப்பத்தொண்ணு மஞ்சள்லதான் இருக்கு. வெள்ளை எதுவும் பதிவாகலையே," என்று அந்தப் பெண் சொன்னாளாம். அவளைக் குறை சொல்ல முடியாது. கேட்டதற்குச் சரியாகப் பதில் சொன்னாள்.

அன்று மாலை என் மனைவி வந்து பூட்ஸைக் கழற்றினாள். சாப்பாடு எடுத்து வைத்தாள். "ஒரு சந்தேகம் சார்," என்று ஆரம்பித்து, "ஒண்ணுமில்ல," என்றாள். அவள் என்னை சார் என்றது அது இரண்டாவது முறை.

மறுநாள் அவளுடைய லாரி, பாலத்துக்கு முன்னால் உள்ள நேரான சாலையிலிருந்து விலகிப் போனது. மழை இல்லை. பிரேக் சரியாக இருந்தது. விபத்து என்று எழுதினார்கள், நானும் கையெழுத்துப் போட்டேன். மேஜர் வந்து என் தோளில் கை வைத்து ஆறுதல் சொன்னார். நான் நன்றி சொன்னேன்.

இப்போது அவர் பிரிவிலேயே இன்னொரு பெண், கிடங்கு எழுத்தர், வெள்ளைப் படிவம் கொடுத்திருக்கிறாள். "என் மேல இதுவரைக்கும் ஒரு புகார்கூட வந்ததில்ல," என்று மேஜர் சொல்வதாகச் சொன்னீர்கள். அந்தப் பெண்ணை யாரும் நம்பவில்லை. நாற்பத்தொன்றாம் உறையும் என் வாக்குமூலமும் வெளியே வந்தால் நம்புவார்கள். அதனால்தான் வந்தேன். உறை இதோ மேசைமேல் இருக்கிறது. மடிப்பு விழுந்த அந்தத் தாளும் உள்ளே இருக்கிறது. அவள் புகாரை அமுக்கியது நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கில்லை.

வாரம் தவறாமல் என் மாமியார் தொலைபேசியில் பேசுவார். "சாப்டீங்களா மாப்ளே? அவளைக் கண்ணுக்குள்ள வச்சுப் பாத்துக்கிட்டீங்களே," என்பார். நான் சாப்பிட்டேன் என்பேன்.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். இந்த வாக்குமூலத்தை மஞ்சள் உறையில் வைத்துக்கொள்ள வழி உண்டா? என் பெயர் இருக்கும் இடத்தில் ஓர் எண் போட்டால் போதும். எனக்காகக் கேட்கவில்லை. அந்த அம்மா இதைத் தாங்க மாட்டார்.