மூத்த மாப்ள வாற சந்து

முன்ன ஒரு காலத்துல, நம்ம செவல்புதூர்ல ஒத்த வீடுகூட எந்திரிக்காத காலத்துல, பலவேசம்னு ஒரு மனுசன் இருந்தாராம். பேருக்கு ஏத்த ஆளு. வாயத் தொறந்தா பொய்யி. பொண்டாட்டி குளிக்கையில தண்ணி பலமா விழுதுன்னு குத்தாலத்து அருவியவே ஒத்தக் கையால நிறுத்தி வச்சேன்னு சொன்ன ஆளுன்னா பாத்துக்கிடுங்க.

பொண்டாட்டி போய்ச் சேந்துட்டா. ஒத்த மக, முப்பிடாதி. அவளுக்கு அப்பன் வாயி கெடையாது, ஆனா நாக்கு உண்டு.

அப்பம் பழைய ஊருல எடம் பத்தல. மேட்டுக்காட்டுல மனை பிரிச்சு வீடு கெட்டுவோம்னு ஊரு கூடிச்சு. மேக்க மேடு, கெழக்க குளம். நடுவுல சரிவுல ரெண்டு வரிசை வீடு. திருவுளச்சீட்டு போட்டதுல பலவேசத்துக்குக் கடைசி மனை விழுந்துச்சு, குளத்தங்கரை ஓரமா.

அந்த மேட்டுல ஆடு மேச்ச மனுசன் அவரு. மழை வந்தா தண்ணி எந்த வழியா எறங்கும்னு தெரியும். ஊருக்கூட்டத்துல எந்திரிச்சாரு.

"ஏய், ரெண்டு வரிசைக்கும் நடுவுல தண்ணிக்கு வழி விடுங்கய்யா. ஆளுக்கு நாலு முழம் பின்னால தள்ளிக் கெட்டுங்க. இல்லன்னா அடைமழைக்கு அம்புட்டு வீட்டுக்குள்ளயும் ஆறு ஓடும்."

பொறந்ததுல இருந்து அந்தாளு சொன்ன மொத நெசம் அதுதானாம். எவன் நம்புவான்?

மேல்மனைக்காரரு சொரிமுத்து சிரிச்சாரு. "வே பலவேசம், அருவிய நிறுத்துன கை இருக்குல்லா? வாற தண்ணிய அதே கையால நிறுத்தும். நாங்க எதுக்கு நாலு முழம் விடணும்?"

ஊரே கொல்லுன்னு சிரிச்சுச்சு. ஒத்த ஆளு நடக்க மட்டும் எடம் விட்டாப் போதும்னு முடிவாயிட்டு.

பலவேசம் அன்னைக்கு வீட்டுக்கு வந்து சோறு திங்கலயாம். மனுசனுக்கு நெசம் சொல்லிப் பழக்கமில்ல பாருங்க, ஒடம்புக்கு ஒத்துக்கிடல. மறுநா எந்திரிச்சாரு, துண்ட ஒதறித் தோள்ல போட்டாரு, தனக்குத் தெரிஞ்ச தொழிலுக்கே திரும்பிட்டாரு.

"ஊராரே, எம் மவளுக்கு மாப்ள முடிவாயிட்டு."

"அப்படியா! எந்தூரு?"

"மேக்க, மலையடிவாரம். பெரிய எடம். ஐப்பசியில வாறாரு. தனியா வர மாட்டாரு, பட்டாளமா வருவாவ. எம் வீடோ கடைசி வீடு. மேட்டுல எறங்கி ஊருக்கு நடுவாலதான் வரணும். ஆளு கோவக்காரரு. வழிய மறிச்சா வீடு வாசலுன்னு பாக்க மாட்டாரு."

இத ஊரு நம்பிட்டு! ஏன்னு கேளுங்க. எம்புட்டுப் பெரிய பொய்யனும் பெத்த மவ கல்யாணத்துல பொய் சொல்ல மாட்டாம்லா? பொண்ணு பேரு கெட்டுப்போவும்லா? போதாததுக்கு ஊருக்கு வாற மாப்ளைக்கு வழி இல்லன்னா ஊருக்கே அவமானம். ஆளுக்கு நாலு முழம் தள்ளுனாவ. ரெண்டு மாட்டுவண்டி சேந்து போற அகலம். மாப்ள காலு தட்டிறக் கூடாதுன்னு ஒருத்தரும் அதுல படிகூட வைக்கல.

முப்பிடாதிக்கு விசயம் தெரிஞ்சது தண்ணி எடுக்கப் போன எடத்துல. வீட்டுக்கு வந்து கொடத்தத் தொம்முனு வச்சா.

"எப்பா, ஆயிரம் பொய் சொல்லிக் கல்யாணம் பண்ணுவாவ. நீங்க கல்யாணத்தையே பொய்யாச் சொல்லிருக்கியள. இனி என்னய எவன் கேட்டு வருவான்?"

பலவேசத்துக்கு மொகம் சுருங்கிட்டு. "எம்மா, வேற வழி தெரியல. வீடு நின்னாத்தானம்மா வாசல்ல கோலம் போடுவ."

அவ நெசமாவே அழுதான்னு சொல்லுவாவ.

வீடுவ எந்திரிச்சுது. ஐப்பசி பொறந்துச்சு. வானம் தொடச்சு வச்ச மாதிரி கெடந்துச்சு. போறவன் வாறவன்லாம் கேக்கான், "வே, மாப்ள எங்க வே?" தீவாளியும் போயிட்டு. முப்பிடாதி வெளிய தல காட்டல. சொரிமுத்து பொறுத்துப் பாத்தாரு. கடைசில சந்துக்கு நடுவுல கல்லக் கொண்டாந்து எறக்கிட்டாரு, மாட்டுத்தொழுவம் கெட்ட.

"மாப்ளயும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. ஐப்பசி முடியட்டும், சொவரு வைக்கேன்."

ஐப்பசி முடியப் போற நேரம். மேக்க இருட்டிக்கிட்டு வந்துச்சு. பேஞ்சுது பாருங்க மழை, பேய் மழை! பொழுது விடிய, மேட்டுல இருந்து திமுதிமுன்னு ஒரு சத்தம். செக்கச்செவேல்னு தண்ணி, நொரையத் தள்ளிக்கிட்டு, சந்துக்குள்ள நொழஞ்சு வருது! சொரிமுத்தோட கல்ல அம்புட்டையும் உருட்டிக்கிட்டுக் குளத்துக்குள்ள கொண்டு போட்டுட்டு. ஒரு வீட்டுக்குள்ளயும் சொட்டுத் தண்ணி இல்ல.

ஊரே வாசல்ல நின்னு வாயப் பொளந்து பாக்கு. அப்பம் முப்பிடாதி வெளிய வந்தா, கையில ஆரத்தித் தட்டு.

"வாங்க மாப்ள. இம்புட்டு நேரமா வழிய விட்டு வச்சுக் காத்துக்கிட்டு கெடக்கோம்."

சொல்லி, ஆரத்தியத் தண்ணியிலயே ஊத்துனா. ஊரு சனம் அம்புட்டும் சிரிச்சாவ பாருங்க, மழைச் சத்தமே கேக்கலயாம்.

சொரிமுத்து மட்டும் சிரிக்கல. கல்லு போன தெசயப் பாத்துக்கிட்டே சொன்னாராம், "மாப்ள கோவக்காரருதான் வே."

மழை விட்டதும் அவரே வெத்தல பாக்கோட பலவேசம் வீட்டுக்கு வந்தாரு. "எம் மவன் ஆவுடைக்கு ஒம் மவளத் தா."

பலவேசம் முப்பிடாதியப் பாத்தாரு. அவ தல குனிஞ்சுக்கிட்டா, ஆனா உதட்டுல சிரிப்பு. நம்மாளுக்கு வாயி சும்மா இருக்குமா?

"மூத்த மாப்ள குளத்துல எறங்கிருக்காரு. அவருகிட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுதேன்."

அன்னையில இருந்து அது மாப்ளச் சந்து. இன்னைக்கும் ஐப்பசியில மொதத் தண்ணி எறங்கயில ஆரத்தி ஊத்துவாவ. தலைத்தீவாளிக்கு வந்த புதுமாப்ள எம்புட்டுப் பெரிய உத்தியோகக்காரனா இருந்தாலும், தண்ணி போவட்டும்னு ஓரமா ஒதுங்கித்தான் நிக்கணும். மூத்தவருக்கு மரியாத!

போன வருசம் பிளாட் போடுத ஆளுவ காருல வந்தாவ. சந்த அளந்து பாத்துட்டு, "இவ்வளவு இடம் சும்மா கெடக்கே, ரெண்டு மனை தேறுமே, யாருது?"ன்னு கேட்டாவ.

நம்ம ஊருப் பொம்பளைவ சொன்னாவளாம், "எங்க வீட்டு மாப்ளைக்குள்ளது. வெளியூரு போயிருக்காவ. ஐப்பசியில வருவாவ, நீங்களே நடுவுல நின்னு கேட்டுக்கிடுங்க."