டீக்கடையில் பார்த்த மணி

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ். டெலிபோன் ஆபீஸ் வேலைக்குப் பரீட்சை எழுதப் போகும் பெண்ணிடம், முன் சீட்டில் அவள் அண்ணன் புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டுக்கொண்டே வந்தான். வெளியே மார்கழிப் பனியில் வெயிலே தெரியவில்லை.

“கண்ணாடியில பாத்தா மணி அஞ்சரை. நெசத்துல எத்தனை?”

“ஆறரை. முள்ளு ரெண்டும் எடம் வலமா மாறித் தெரியும்ல.”

“கரெக்ட். அடுத்தது...”

“இருண்ணே. டீக்கடையில, மணி அஞ்சரைதான் ஆவுது, மெதுவா குடின்னியே. கடிகாரத்தப் பாத்தா சொன்ன?”

அண்ணன் புத்தகத்தை மூடினான். “கடிகாரம் என் முதுகுக்குப் பின்னால இருந்துச்சு. எதிர்ல கண்ணாடி.”

“எட்டு மணிக்குப் பரீட்சை ஹால் கேட்டப் பூட்டிருவாங்கண்ணே!”

“கண்டக்டர் சார், மணி என்னங்க?”

“ஏழே முக்கால்.”

ஜன்னலோரம் ஒரு மைல்கல் கடந்து போனது. பெரம்பலூர் பத்து கிலோமீட்டர்.