கேப்டன் தாரகையின் குரல்

கொஞ்சம் வெந்நீர் கிடைக்குமா அம்மா? பச்சைத் தண்ணீர் என் தொண்டைக்கு ஆகாது. இருபத்திரண்டு வருஷமாகப் பார்த்துப் பார்த்துக் காப்பாற்றி வைத்த தொண்டை.

என் பெயர் ஏலவார்குழலி. காஞ்சிபுரம், பிள்ளையார்பாளையம். வீட்டுக்காரர் தணிகாசலம் பட்டுத்தறி நெய்கிறார். நான் முதல் பஸ் பிடித்துச் சென்னைக்குப் போய் டப்பிங் பேசுவேன். நடிகை நீலரேகா படங்களில் சிரித்தது, அழுதது, வில்லனைக் கிழிகிழியென்று கிழித்தது எல்லாம் என் குரல். அவளுக்காக ஊரே கிறுக்குப் பிடித்து அலைந்தது. எனக்கு அதில் வருத்தமே கிடையாது. முகம் அவளுடையது, குரல் என்னுடையது என்று ஒற்றுமையாகத்தான் இருந்தோம்.

போன வருஷம் அந்தக் கார்ட்டூன் தொடர் வந்தது. விண்கலத்தை ஓட்டிக்கொண்டு கிரகம் கிரகமாகப் போகிற கேப்டன் தாரகை. நீலரேகாவின் முகத்தைப் பார்த்தே வரைந்திருந்தார்கள். வழக்கம்போல என்னைக் கூப்பிடுவார்கள் என்று காத்திருந்தேன். அவளே காரில் வந்து இறங்கினாள்.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. கார்ட்டூன்ல நான் நடிக்கவே போறதில்ல, குரல் மட்டும்தான். அதுவும் உங்களுதுன்னா அதுல நான் எங்க இருக்கேன்? இந்த ஒரு தடவை நானே பேசறேன். நீங்கதான் சொல்லிக் குடுக்கணும்."

நியாயமான பேச்சுதான். ஆனால் அவள் பேசிவிட்டால் நீலரேகாவின் குரல் இதுதான் என்று ஊருக்குத் தெரிந்துவிடும். அப்புறம் என் குரல் யாருடையது? அதை அவள் யோசிக்கவில்லை. நான் யோசித்தேன்.

எங்கள் வீட்டிலேயே தங்கிப் பழகினாள். மூன்றாம் நாளே தொண்டை கட்டிக்கொண்டது. சென்னைக்குப் போய் டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தாள். மறுநாள் காலை, கூட்டத்தில் போன் எதற்கு என்று அதை வீட்டில் வைத்துவிட்டுக் காமாட்சியம்மன் கோயிலுக்குப் போயிருந்தாள். போன் அடித்தது. எடுத்து "ஹலோ" என்றேன். ஆஸ்பத்திரியிலிருந்து ஷாரோன் என்ற நர்ஸ்.

"மேடம்! நேத்து வந்தப்ப வேற யாரோ பேசற மாதிரி இருந்துச்சு. இப்பதான் உங்க குரலே வந்திருக்கு" என்று அந்தப் பெண் பூரித்துப்போனாள். "ஆனா உள்ள ரத்தம் கட்டியிருக்குது மேடம். ஒரு மாசம் வாயே தெறக்கக் கூடாது. மீறிப் பேசினா குரல் திரும்பாதுன்னு டாக்டர் சொல்லச் சொன்னாரு."

"சரிம்மா, பேசமாட்டேன்" என்றேன்.

நான்தான் நீலரேகா என்று நான் சொல்லவில்லை. அவளாக நினைத்துக்கொண்டாள். நாடே அப்படித்தானே நினைத்தது.

நீலரேகா திரும்பி வந்ததும், "ஆஸ்பத்திரிலேர்ந்து பேசினாங்கம்மா. ஒண்ணுமில்லயாம், பேசப் பேச சரியாப் பூடுமாம்" என்றேன். தறிக்குப் பக்கத்தில் பாய் போட்டு உட்கார வைத்தேன். தறிச் சத்தத்துக்கு மேலே கேட்கிற மாதிரி வசனம் சொல்லச் சொன்னேன். நானே அப்படிப் பழகினவள் என்பதால் நம்பினாள். எரிகல் மோதும்போது கேப்டன் போடுகிற கட்டளையை நூறு தரம் கத்தினாள்.

வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டு, "அந்தம்மாவுக்குத் தொண்டை கிழிஞ்சிக்கினு வருது குழலி. பாவம், வுட்டுடு" என்றார். உங்கள் வேலையைப் பாருங்கள் என்றேன். ஆறாம் நாள் அவள் துப்பியதில் ரத்தம் இருந்தது. உடம்புச் சூடு என்று சொல்லி மோர் கொடுத்தேன். ஏழாம் நாள் வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை.

எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. ஸ்டுடியோத் திரையில் அவளை அப்படித்தான் இத்தனை வருஷமும் பார்த்திருக்கிறேன்.

கேப்டன் தாரகைக்கு நானே பேசினேன். பள்ளிக்கூடம் விட்டதும் பிள்ளைகள் ஓடிவந்து பார்க்கிறார்கள். முதல் நாள் ஒளிபரப்பானபோது அவள் என் மடியில் தலைவைத்து அழுதாள். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனவளிடம் அந்த ஷாரோன் போன் விஷயத்தைச் சொல்லியிருக்கிறாள்.

களைப்பாக இருக்கிறது அம்மா. எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்துதான் செய்தேன். நீலரேகா நாலு பக்கம் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறாள் என்கிறீர்கள். யாராவது எழுத வைத்திருப்பார்கள். அவளுக்கு என்மேல் கோபம் இருக்காது. அன்றிலிருந்து இன்றுவரை வாயைத் திறந்து என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை.