வெள்ளிக்கிழமை டெஸ்ட்

வீட்டில் புகை அலாரம் மாட்டுகிறவர்கள் ஒரே தப்பைத்தான் செய்கிறார்கள், சார். மாட்டியதோடு மறந்துவிடுகிறார்கள். மாதம் ஒருமுறை பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும், தூசி தட்ட வேண்டும், வருடம் ஒரு பேட்டரி மாற்ற வேண்டும். ராஜபாளையத்தில் என் எலெக்ட்ரிக்கல் கடைக்கு வருகிறவர்களிடம் விலை பேசும் முன்பே இதைச் சொல்லிவிடுவேன். பாதிப்பேர் அதிலேயே பக்கத்துக் கடைக்குப் போய்விடுவார்கள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் தங்கை முனீஸ்வரி வீட்டுக்கு மட்டும் நானே போய்ப் பார்ப்பேன். அவள் புருஷன் சங்கிலிப்பாண்டி பட்டாளத்திலிருந்து வந்து பேண்டேஜ் துணி வியாபாரம் செய்தவர். மாடியில் அவர் படுக்கிற அறையிலேயே பண்டல் பண்டலாகத் துணி. அதனால்தான் அங்கே அலாரம் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை தோறும் அந்த வீட்டில் சாம்பிராணி போடுவார்கள். போட்டால் அலாரம் கத்தும். முதல் தடவை தெருவே ஓடி வந்தது. எதிர்வீட்டு வெள்ளைத்தாய் குடத்துத் தண்ணீரோடு வந்து நின்றாள்.

"எக்கா, தீயெல்லாம் இல்ல. எம் மச்சான் சாமிக்கு மணி அடிக்கான்" என்றார் மாப்பிள்ளை. "கடையில விக்காத சரக்க எந்தலைக்கு மேல தொங்கவிட்டிருக்கான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அதையெல்லாம் நான் மனதில் வைத்துக்கொள்கிறவன் இல்லை. அன்றைக்குத் தை மாதம் இரண்டாவது வெள்ளி, பதினொரு பேர் நின்றார்கள்.

நான் செய்ததற்குக் காரணம் தங்கைதான். மாசியில் அவள் கையில் மாவுக்கட்டோடு கடைக்கு வந்தாள். "பாத்ரூம்ல வழுக்கிட்டுண்ணே" என்றாள். அண்ணனிடம் வேறு என்ன சொல்வாள்? நான் அப்போதே புரிந்துகொண்டேன்.

அவசரப்படவில்லை. வெள்ளிதோறும் மத்தியானம் போய் டெஸ்ட் வைத்தேன். முதலில் ஒரு நிமிடம், அடுத்த வாரம் இரண்டு, பிறகு ஐந்து. ஆறே வாரத்தில் தெரு பழகிவிட்டது. யாரும் வாசலுக்குக்கூட வருவதில்லை.

ஏழாவது வெள்ளி, தங்கை சேத்தூரில் ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்தாள். மாப்பிள்ளை சாப்பிட்டுவிட்டு மாடியில் உறங்கினார். நானே சாம்பிராணிக்குத் தணல் போட்டு எடுத்துப்போய், கதவோரப் பண்டலில் கவிழ்த்தேன். வெளியே வந்து தாழ்ப்பாளைப் போட்டேன். ஜன்னல் பின்பக்கம், கம்பி போட்டது. அரை நிமிடத்துக்குள் அலாரம் கத்தியது. புதுப் பேட்டரி.

முதலில் தட்டினார். பிறகு நாற்காலியால் இடித்தார். கதவுப் பலகை விரிந்தது. நான் தோளைக் கொடுத்து நின்றேன். விரிசலில் நான்கு விரல்கள் வெளியே வந்தன. ஸ்பேனரால் இரண்டு தட்டு தட்டினேன், உள்ளே போய்விட்டன. "மச்சான், தொறங்க மச்சான்" என்றார். கல்யாணமாகி ஒன்பது வருடத்தில் அன்றைக்குத்தான் எனக்கு மரியாதை கொடுத்துப் பேசினார்.

கீழே தெருவிலிருந்து வெள்ளைத்தாய் குரல் கொடுத்தாள். "ஏ ஜெயபாண்டி, எம்புட்டு நேரம்லே டெஸ்ட்டு? மனுசன் டிவி பாக்காண்டாமா?"

மாடிப்படி ஜன்னல் வழியாகச் சொன்னேன். "செத்த நேரம் பொறுங்கக்கா. முடியப்போகுது."

"இடி இடிக்கிற சத்தம் கேக்கே?"

"மாப்ள ஆணி அடிக்காரு."

"நல்லா அடிக்கச் சொல்லு. இன்னொரு நாளைக்கி மிச்சம் வச்சிராதிய."

கதவு சூடேறித் தோளைச் சுட்டது. துண்டை மடித்து வைத்துக்கொண்டேன். இடி நின்றது. அதற்குப் பிறகும் ஒன்றரை நிமிடம் அலாரம் கத்தியது, சார், உருகி விழுகிற வரைக்கும். அந்தச் சரக்கில் ஒரு குறை சொல்ல முடியாது. அடங்கிய பிறகு தாழ்ப்பாளை நீக்கினேன். முதல் வாளித் தண்ணீரை ஊற்றியதும் நான்தான்.

முனீஸ்வரி உங்களுக்கு எழுதிக் கொடுத்ததை நேற்று வாசித்துக் காட்டினீர்கள். அவர் ஒருநாளும் அவள்மேல் கை வைத்ததில்லையாம். பாத்ரூமில் விழுந்தவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியதே அவர்தானாம். பாவம், என் தங்கை. ஆள் செத்து இருபது நாள் ஆகிறது. இன்னும் அவளை எவ்வளவு பயத்தில் வைத்திருக்கிறார், பாருங்கள்.