அண்ணன் பேரில் ஒரு கார்டு

பம்பாய் மாஹிமில் டாக்டரைப் பார்க்க வரிசையில் நின்றிருந்தேன். முன்னால் நின்றவர் மனைவியிடம் சொன்னார்:

“உள்ள போனா நீ எங்க மதினி. மறந்துராத.”

“எதுக்கு அத்தான்?”

“அண்ணன் ஊருக்குப் போனபொறவு அவன் பேர்லதான மில்லுல வேல பாக்கேன். இன்சூரன்ஸ் கார்டுல அவன் பொண்டாட்டி செல்லம்மா பேருதான் இருக்கு. கார்டு இருந்தாத்தான் துட்டு கேக்கமாட்டாங்க.”

“எத்தனாவது பிள்ளைன்னு கேட்டா?”

“அஞ்சாவதுன்னு சொல்லு. மதினிக்கு நாலு இருக்குல்லா.”

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். “எனக்கு இதுதான மொதப் பிள்ளை. ரெண்டு நாளா வலிக்கி. மாத்திச் சொன்னா மருந்த எப்படிச் சரியாக் குடுப்பாரு?”

“மெதுவாப் பேசு. தெரிஞ்சா வேல போயிரும்.”

கம்பவுண்டர், “செல்லம்மா” என்று கூப்பிட்டார். கணவர் கார்டை அவள் கையில் கொடுத்து மெல்ல முன்னே தள்ளினார்.

அவள் கார்டை அவர் சட்டைப்பையில் திணித்துவிட்டு, கம்பவுண்டரிடம் போய்த் தன் பேரைச் சொல்லி, அரைகுறை இந்தியில் எவ்வளவு துட்டு என்று கேட்டாள்:

“பேச்சியம்மா. கார்டு நஹி. பைசா கித்னா?”