தட்டினால் போதும்

— இன்னிக்குக் காது அடைச்சுதா?

— ம்... கொஞ்சம்.

— ஒண்ணரை மணி நேரமும் படுத்தே இருந்தீங்களா?

— அந்தக் குழாய்க்குள்ள எழுந்து டான்ஸா ஆடுவாங்க, பெர்னதெத்? ஆக்சிஜன அழுத்தி ஏத்துவாங்க, படுத்துக் கெடக்கணும்.

— எத்தனாவது தடவ?

— பதினஞ்சு.

— தலையில எண்ணெயோடயா?

— என்னது?

— காலையில தேங்காயெண்ணெய் தேச்சு சீவிக்கிட்டுப் போனீங்க. நெருப்பு புடிச்சுக்கும்னு எண்ணெய் வெச்சவங்கள உள்ளயே விடமாட்டாங்களே...

— அது... தொடச்சிட்டு...

— ஏங்க, நான் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டுதான் வரேன். மொத நாள் மட்டும்தான் வந்தீங்களாம். அதுவும் பாதியில வெளிய வந்துட்டீங்களாம். தினமும் எங்க போறீங்க?

— அடுகோடி பஸ் ஸ்டாப்புல... ஒரு டீக்கடை பெஞ்சு.

— பேரு மட்டும் ஆரோக்கியசாமி! வாய்ல கேன்சருன்னு ரேடியேஷன் கரண்ட் வெச்சு ஆறு வருஷம் ஆச்சு. இப்ப அந்தக் கரண்டே எலும்ப அரிக்குது. இதுவும் கேக்கலன்னா தாடைய வெட்டி எடுக்கணும்னு டாக்டர் சொன்னாரா இல்லையா?

— சொன்னாரு.

— இருவது வருஷம் சொரங்கத்துல எறங்குன ஆளு... கண்ணாடிக் குழாய்க்குப் பயமா?

— குழாய்க்கு இல்ல.

— பின்ன?

— எனக்குத்தான் வாய் தொறக்க வரலியே... அங்க இருக்கற சிஸ்டர் சொன்னாங்க. "முடியலன்னா தட்டுங்க, போதும். கேட்டுச்சுன்னு நானும் தட்டுறேன்"ன்னு.

— நல்லதுதான சொன்னாங்க?

— தட்டினேன். அவங்களும் தட்டினாங்க...

— அதுக்கா ஓடி வந்தீங்க?

— விட்டுரு.

— விடமாட்டேன். நாளைக்கு நானே கூட வரேன். வெளிய நின்னு நானே தட்டுறேன்...

— நீ தட்டாத!

— ஏன் கத்துறீங்க? பாருங்க, ரத்தம் வருது... துணிய வெச்சு அழுத்துங்க.

— உன் தம்பி...

— கிறிஸ்டோபரா? அவன் பேச்சு இப்ப எதுக்கு? சொரங்கத்துல பாறை சரிஞ்ச நிமிஷமே போயிட்டான், வலியே தெரிஞ்சிருக்காதுன்னு நீங்கதான வந்து சொன்னீங்க. அந்த ஒரு வார்த்தையிலதான் எங்கம்மா உயிரோட இருந்தா.

— ரெண்டு நாள் உள்ளயிருந்து தட்டினான், பெர்னதெத். வந்துட்டோம்டான்னு நானும் இந்தப் பக்கம் தட்டிக்கிட்டே இருந்தேன்... மூணாவது நாள் நான் மட்டும்தான் தட்டினேன்.